மூடிகளை இறுக்கிய கை

அம்மிணி,

இன்று காலை நீராடி வந்து பூசை அறையில் அமர்ந்து திருநீற்றுச் சம்புடத்தைக் கையில் எடுத்தேன். மூடி திறக்கவில்லை. நேற்று நானே மூடியதுதான். துண்டின் நுனியைச் சுற்றித் திருகினேன். இரு முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு திருகினேன். பித்தளை என் உள்ளங்கையில் வழுக்கியதேயன்றி இம்மியும் அசையவில்லை. நினைவு தெரிந்த நாள்முதல் ஒரு நாளும் தவறாமல் நீறணிந்தவன், எழுபத்தாறாம் வயதில் வெற்று நெற்றியோடு இறைவன் திருமுன் உட்கார்ந்திருந்தேன். பதிகம் நாவில் எழவில்லை. எழுந்தது உன் குரல்தான்: "ஏனுங்க, இந்த மூடியெச் சித்தத் தொறந்து குடுங்." அதை நீ என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பாய் என்று நினைவில்லை. கேட்பதை எப்போது நிறுத்தினாய் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நீ வலுவற்றவளாக இந்த வீட்டுக்கு வரவில்லை. குன்னத்தூர்த் தோட்டத்திலிருந்து வந்த புதிதில், கீழே தைத்து முடித்த பனியன் கட்டுகளை இடுப்புக்கு ஒன்றாக ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறுவாய். மாடியில்தான் நம் செக்கிங் மேசைகள். நாள் முழுவதும் நின்றபடி பீஸ் பீஸாகப் புரட்டிப் பார்த்து, ஓட்டை கண்டதைத் தள்ளி, பிசிறு நூலை வெட்டி, இருபது பெண்களை வேலை வாங்குவாய். யூனிட் உன் கையில் நடந்தது. நானோ கோயிலில் பதிகக் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். ஊர் என்னைச் 'சாமி' என்றது. அந்தப் பட்டத்துக்கு வேண்டிய ஓய்வை எனக்குத் தந்தவை உன் இரு கைகள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியதில்லை.

ஐம்பதை நெருங்கும்போது உனக்கு அந்த நோவு வந்தது. முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு எங்கெங்கு என்று உன்னால் சொல்ல முடியாதபடி உடலெங்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்து எழுந்தாலும் தூங்காதவள்போல எழுவாய். கத்தரியைப் பிடித்த விரல்கள் மதியத்துக்குள் மரத்துப்போகும். இரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. உறவினர் நலம் கேட்கும்போதெல்லாம் உனக்கு முன்னால் நான்தான் விடை சொல்வேன்: "எல்லாம் நார்மலாமுங்க. எனக்கே அத்தனை நார்மல் இல்லை." அவர்கள் சிரிப்பார்கள். நீயும் கூடச் சிரிப்பாய். ஒரு நாள் அவர்கள் போனபின், அடுப்பைத் துடைத்தபடி திரும்பிப் பாராமல் சொன்னாய்: "நோவெக் காட்டறதுக்கு எங்கிட்டக் காயம் இல்லீங்க. அதானுங்க என்ற குத்தம்."

அந்தச் சொல் அன்று என்னைத் தைக்கவில்லை. தைத்திருந்தால் அடுத்த பிரதோஷத்தன்று நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். யாக்கை நிலையாமையைப் பற்றி விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன், "இந்தத் தோற்பைக்குள் எங்கே வலிக்கிறது என்று தேடிக்கொண்டே ஆயுளைக் கழிப்போர் உண்டு, அவர்களுக்கு ஈசனைத் தேட நேரம் ஏது?" என்றேன். பெண்கள் வரிசையில் பத்துப் பன்னிரண்டு தலைகள் உன் பக்கம் திரும்பின. நீ உன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன், அம்மிணி. பார்த்துவிட்டு அடுத்த பாடலுக்குத் தாளம் கொடுத்தேன்.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவர் அம்மையார்தான் உன்னை முதன்முதலாக நம்பியவர். கழுத்தடி, தோள், முழங்கை, முழங்கால் என்று இடம் இடமாக விரலால் அழுத்திப் பார்த்தார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் உன் கண்ணில் நீர் வந்தது. 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று எழுதினார். வலியை உணர்ந்து சொல்லும் நரம்புகளே அளவுக்கு மீறிக் கூவுகிற நோய் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது மனப்பிரமை இல்லீங்க. இவங்களுக்குக் கை கால் வலுவும் வயசுக்கு முந்தியே குறைஞ்சுட்டு வருது. வலிக்குதேன்னு அசையாம இருந்தா தசை இன்னும் கரையும். ஒரேயடியா வேலை வாங்கினா வலி ஏறும். ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சங் கொஞ்சமா வலுவேத்தணும். அவசரப்படுத்திறாதீங்க."

திரும்பும் பேருந்தில் அவிநாசி வரும்வரை அந்தப் பெயரை நீ மந்திரம்போல உருப்போட்டுக்கொண்டே வந்தாய். பாதியில் நா இடறும், மறுபடி தொடங்குவாய். "பேர் இருக்குதுங்க இதுக்கு" என்றாய். நாற்பதாண்டு இல்லறத்தில் உன் முகத்தில் நான் கண்ட பெருமகிழ்ச்சிகளில் அது ஒன்று. "பேர் வெச்சுட்டா நோயாயிருமா? நம்மூட்டு நாய்க்குக்கூடப் பேர் இருக்குது" என்றேன். அதன்பின் நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பிசியோதெரபி அறையில் ஒரு கருவி இருந்தது. கைப்பிடியை இறுக்கினால் முள் நகர்ந்து பிடியின் வலுவைக் காட்டும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாய். முள் சற்றே எழுந்து நின்றுவிட்டது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள் அங்கே பயிற்சி தந்த பெண். நான்காம் முறை உன் தொடைகள் நடுங்கின. "ஐயா, நீங்களும் ஒருக்கா அழுத்திப் பாருங்களேன்" என்று விளையாட்டாகக் கருவியை என்னிடம் நீட்டினாள். உன்னைவிட எட்டு வயது மூத்த நான் அழுத்தியதும் முள் உன் அளவைத் தாண்டி வெகுதூரம் ஓடியது. அவள் அதை உன் தளர்ச்சியின் சான்றாகக் கண்டாள். நான் என் ஒழுக்கத்தின் சான்றாகக் கொண்டேன். பதிகக் குழுவில் அதைச் சொல்லிச் சிரித்தேன்கூட: "விரதம் இருக்கிற கைக்கும் மாத்திரை திங்கிற கைக்கும் உள்ள வித்தியாசமுங்க அது."

ஆனால் நீ விடவில்லை. எடை தூக்கிப் பழகச் சொன்னதும் கடைக்குப் போகாமல் கீழே இருந்த நூல் கோன்களைக் கொண்டு வந்தாய். முதலில் நூல் தீர்ந்து இளைத்துப்போன கோன் கைக்கு ஒன்று. பத்து முறை தூக்குவாய், உட்கார்ந்து மூச்சு வாங்குவாய். சில வாரம் கழித்துப் பாதி தீர்ந்த கோன். "வயசான காலத்தில நூலோட என்ன வெளையாட்டு?" என்பேன். "வெளையாடலீங்க, வெதைக்கிறேனுங்க" என்பாய். நான்கு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் மாடி ஏறினாய். கருவியின் முள் இரண்டு கோடு கூடியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதை என்னிடம்தான் சொன்னாய். "ரெண்டு கோடுங்க!" அந்த இரண்டு கோட்டை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் உனக்கு இன்று எழுத வந்தேன்.

உன் நோவு தீர்ந்தால் நீ தீச்சட்டி ஏந்திப் பூவோடு எடுப்பாய் என்று மாரியம்மனுக்கு நான் நேர்ந்திருந்தேன். உன்னைக் கேட்கவில்லை. கணவன் நேர்ந்தால் மனைவி எடுப்பது நம் பக்கத்தில் வழக்கம்தானே என்று எண்ணினேன். முள் இரண்டு கோடு ஏறியதும், நோவு தீர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். உண்மையில் அதைவிடக் கொடிய ஒன்றையும் முடிவு கட்டினேன்: தூக்கத் தூக்க வலு வருமென்றால், இத்தனை நாள் நீ தூக்காமல் இருந்ததுதான் நோய். மருத்துவர் சொன்னதில் 'வலுவேத்தணும்' என்பது என் காதில் விழுந்தது. 'அவசரப்படுத்திறாதீங்க' என்பது விழவில்லை. வாழ்நாளெல்லாம் பாடல்களுக்கு உரை சொன்னவன், ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய இரண்டு வரிக்குப் பாதி உரைதான் கண்டேன்.

"கோன் வேற, பூவோடு வேறங்க. நெருப்புச் சட்டியெ ரெண்டு கையில ஏந்திக் கம்பத்தெ மூணு சுத்துச் சுத்தோணும். என்ற கை நிக்காதுங்க" என்றாய்.

"நிக்கிறது உன்ற கை இல்லை. நிறுத்தறது அவ" என்றேன்.

அன்று பொழுது சாய்கையில் மாரியம்மன் கோயில் முன் நட்ட கம்பத்தடியில் ஊரே கூடியிருந்தது. ஈரப்புடவையோடு வரிசையில் நின்ற பெண்களின் உள்ளங்கையில் வேப்பிலையைப் பரப்பி, பூசாரி ஒவ்வொருவருக்கும் தீச்சட்டியை எடுத்து வைத்தார். முதல் சுற்றில் நீ நிமிர்ந்தே நடந்தாய். நான் உன் பக்கமாகவே பாடிக்கொண்டு வந்தேன். இரண்டாம் சுற்றில் உன் முழங்கை நடுங்கத் தொடங்கியது. "ஏனுங்க, கை விட்டுப்போவுதுங்க. வாங்கிக்குங்க" என்றாய். பாட்டை நிறுத்தாமலே தலையசைத்து உன்னை முன்னே போகச் சொன்னேன். "இன்னொரு சுத்துத்தான்." நீ பத்தடி நடந்திருப்பாய். கம்பத்துக்கு நேர் எதிரே சட்டி உன் கையைவிட்டுப் போயிற்று.

மண்சட்டி உடைந்து தணல் சிதறியது. பறையடி நின்றது. "தீட்டோட எடுத்தாளோ என்னமோ" என்றாள் ஒருத்தி. "இந்த வயசுல ஏது தீட்டு? வெரதத்துல கொறை வெச்சிருப்பா" என்றாள் இன்னொருத்தி. பூசாரி உன்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "வெரதஞ் சுத்தமா இருந்தீங்களாம்மா?"

நீ என்னைப் பார்த்தாய். "நீங்க சொல்லுங். டாக்டரம்மா சொன்னதெ நீங்க சொல்லுங். நாஞ்சொன்னா நம்ப மாட்டாங்க."

ஒரே ஒரு வாக்கியம். 'இவளுக்குத் தசையில் நோய், கை நிற்காது என்று சொன்னாள், நான்தான் வற்புறுத்தினேன்.' உன்னுடைய பதினைந்து நாள் விரதத்துக்கும் நாற்பதாண்டு நற்பெயருக்கும் அது போதும். ஊர் முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு நோய் தீர்ந்ததென்று அம்மனிடம் காணிக்கை வைத்தவன், தீரவில்லை என்று அதே அம்மன் முன் எப்படிச் சொல்வது? நான் கைகூப்பி, "அம்மன் பொறுத்துக்கோணும். என்ன குறையோ, பரிகாரம் பண்ணிரலாமுங்க" என்றேன். குறை உன்னுடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அப்படித்தான் கேட்டது. உனக்கும்.

தணல் பட்டு உன் வலது பாதத்தில் ஒரு கொப்புளம் எழுந்திருந்தது. அதைப் பார்க்க அந்த வாரம் முழுவதும் உறவினர் வந்தார்கள். தேங்காயெண்ணெய் கொண்டு வந்தார்கள், இளநீர் கொண்டு வந்தார்கள், "ரொம்ப எரியுதா கண்ணு?" என்று கேட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் உன் உடம்பு முழுவதும் எரிந்ததை ஒருவரும் கேட்டதில்லை. காட்டுவதற்கு உனக்குக் கடைசியில் ஒரு காயம் கிடைத்திருந்தது. நீ அதைப் புடவையால் மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி அனுப்பினாய்.

அதன்பின் நீ கோயில் வாசல் மிதிக்கவில்லை. பயிற்சிக் கோன்கள் இருந்த மூலை ஒரு நாள் காலியாக இருந்தது. கேட்டேன். "கீழ குடுத்துட்டேனுங்க. நூலாச்சும் பனியனாவட்டும்" என்றாய். கருவியின் முள் மறுபடி இறங்கியிருக்கும். அளந்து பார்க்க நீ போகவில்லை, நானும் அழைத்துப் போகவில்லை. மூடியைத் திறந்து தரச் சொல்லிக் கேட்பதை நிறுத்தியதும் அப்போதுதான்.

மூடிகளைப் பற்றி எழுத என் கை கூசுகிறது. சர்க்கரை, உப்பு, ஊறுகாய், தைலம், உன் மாத்திரைப் புட்டி என்று எல்லாவற்றையும் நீ ஒப்புக்கு மூடி வைப்பாய். எறும்பு வரும், உப்பு நமுத்துப்போகும். கோயிலிலிருந்து வந்ததும் அடுக்களைக்குப் போய் ஒவ்வொன்றாக இறுக்குவது என் வழக்கமாயிற்று. "மூடி மூடறதுல என்ன வலி?" என்பேன். மறுநாள் பார்த்தால் அத்தனையும் தளர்ந்திருக்கும். வேண்டுமென்றே செய்கிறாய் என்று எண்ணி இன்னும் பலமாக இறுக்குவேன். இறுக்கும்போது உள்ளே ஒரு சிறு மகிழ்ச்சி இருந்தது. அதை நான் ஒழுங்கின்மேல் உள்ள பற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாண்டுக்கு முன், மார்கழியில், அதிகாலை வழிபாடு முடிந்து வீடு வந்தபோது குளியலறை வாசலில் நீ தரையில் கிடந்தாய். வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "எந்திரிக்க முடியலீங்க" என்றாய். என் நெற்றியில் நீறு உலரக்கூட இல்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்: "கையெ ஊனி எந்திரி. ஆள் பாத்துட்டு நின்னா நோவு தானா வந்துரும்." நீ ஊன்றிப் பார்த்தாய். இரண்டு முறை பார்த்தாய். நாற்காலியிலிருந்து எழவே நடுங்கிய தொடைகள், அம்மிணி. மூன்றாம் முறை நீ எழுப்பிய ஒலியைக் கேட்டபிறகே நான் குனிந்தேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. படுக்கையில் இருபத்திரண்டு நாள். நெஞ்சில் கட்டிய சளியை இருமித் தள்ள உனக்கு வலுவில்லை. இருமலுக்கும் தசை வேண்டும் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள், பின்பக்கத்து லைன் வீட்டு ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் தைப்பவள், உனக்குத் தெரியாதவளா? அடுக்களை வாசலில் நின்று அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "இனிமே யாரும் என்னைய சன்னல் வழியாக் கூப்பிட மாட்டாவ, ஐயா."

"எதற்கம்மா கூப்பிடுவாள்?" என்றேன்.

"மூடி தொறக்கத்தான். நீங்க விடியக் கோயிலுக்குப் போனதும் அக்கா கூப்பிடுவாவ. நான் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லா டப்பாவையும் லேசாத் திருகி வச்சிட்டுப் போவேன். மாத்திரைப் புட்டிதான் ரொம்ப இறுகிக் கெடக்கும். 'யாருக்கா இப்படிப் போட்டு இறுக்குதாவ?'ன்னு கேட்டா, 'அவிங்களுக்குக் கை நல்ல வலு, கண்ணு'ன்னு சிரிப்பாவ." சற்று நிறுத்திச் சொன்னாள்: "எனக்கு ஞாயித்துக்கெழமை சர்ச்சு. அன்னைக்கு மட்டும் வர முடியாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மாத்திரை போடவில்லை என்பதை நான் கணக்கிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்த நாட்களில் நீ மதியம்வரை எழாமல் கிடப்பாய். 'வாரம் ஒரு நாள் லீவு எடுக்குது நோய்க்காரி' என்று நான் சொல்வேன்.

நேற்று மாலை கம்பத்தடியில் இந்த ஆண்டுப் பூவோடு. பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பதிகம் முடிந்ததும் நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊர் முன்னால், அம்மன் முன்னால் சொன்னேன். ஐந்தாண்டுக்கு முன் என் மனைவி கையிலிருந்து சட்டி விழுந்ததற்கு விரதக்குறை காரணமில்லை. அவளுக்குத் தசையை உருக்கும் நோய் இருந்தது. கை நிற்காது என்று என்னிடம் சொன்னாள். நான்தான் எடுக்க வைத்தேன். விழுமுன் வாங்கிக்கொள்ளச் சொன்னாள், நான் வாங்கவில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

பிறகு தர்மகர்த்தா என் தோளில் கைவைத்து, மைக்கில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "பாத்தீங்களா? இதானுங்க பெரிய மனசு. போய்ச் சேர்ந்த சம்சாரத்து மேல ஒரு சொல் இருக்கக்கூடாதுன்னு பழியெத் தன் தலைமேல போட்டுக்கறாரு நம்ம சாமி."

"இல்லீங்க, நடந்ததைத்தான் சொல்றேன்" என்றேன்.

"செரிங்க சாமி, செரிங்க" என்றார், குழந்தையைத் தேற்றுவதுபோல. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இப்பேர்ப்பட்ட மனுசனுக்கு வாச்சது அப்படி" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பேர் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். உன் பெயரை மீட்கப் போனவன், என் பெயரின்மேல் இன்னும் ஒரு படி ஏறி இறங்கி வந்தேன். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நேற்று அரை நாழிகை தெரிந்தது. நீ அதில் பதினைந்தாண்டு வாழ்ந்தாய். என் குற்றத்தைக் காட்ட என்னிடம் காயம் இல்லை, அம்மிணி.

இன்று காலை, வேறு வழியின்றிச் சன்னலருகே போய் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வந்தாள். சம்புடத்தை வாங்கி ஒரே திருகில் திறந்தாள். நான் நீறணிந்துகொண்டு, "மறுபடி இறுக்கி மூடிக் கொடம்மா. நாளைக்கும் உன்னைத்தான் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிட்டதுபோலத் தினமும் கூப்பிடுகிறேன்" என்றேன். என் குரலில் ஒரு தவத்தின் சாயல் இருந்திருக்கும்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "அக்காவுக்கு வேற வழி இல்லாமக் கூப்பிட்டாவ, ஐயா. உங்களுக்கு லேசா மூடி வச்சுக்கிட வழி இருக்குல்லா? எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு." மூடியைத் திருகாமல் மேலே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எறும்பு வரட்டும், ஈரம் ஏறட்டும், இந்த வீட்டில் இனி எதுவும் இறுக்கி மூடப்படாது என்று உனக்கு எழுதத்தான் தாளை எடுத்தேன். எழுதுவதற்கு முன் தாளுக்கு இடம் வேண்டிச் சம்புடத்தைச் சற்றுத் தள்ளி வைத்தேன். வைத்தபிறகுதான் கவனித்தேன். என் கை, எஞ்சியிருக்கும் வலுவையெல்லாம் கூட்டி, அந்த மூடியை இறுக்கியிருந்தது.